அரியர் வைத்தவர்கள்

முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த மறுநாள் பொறியியல் கல்லூரி வகுப்பு ஒன்றுக்குள் நுழைந்தால், யார் பாஸ் யார் ஃபெயில் என்று விசாரிக்கத் தேவையில்லை. எம்-ஒன் என்று பிள்ளைகள் சொல்லும் முதல் கணக்குத் தாளில் தேறியவர்கள் கும்பலாக நிற்பார்கள். தேறாதவர்கள் ஆளுக்கொரு மூலையில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பத்துப் பேர் ஃபெயிலானாலும் பத்துப் பேரும் தனித்தனியாகத்தான் ஃபெயிலாகிறார்கள். கணக்கு நடத்திப் பிழைக்கிற எனக்கு, மதிப்பெண்ணைவிட இந்தத் தனிமைதான் பெரிய சிக்கலாகத் தெரிகிறது.

விதியில் குழப்பம் ஒன்றும் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி தியரி தாளுக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. மொத்தத்தில் பாதி வர வேண்டும். செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதமாவது வர வேண்டும். வராவிட்டால் அரியர். அடுத்த செமஸ்டரின் புதுப் பாடங்களோடு பழையதையும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், தாளுக்கு இவ்வளவு என்று திரும்பவும் ஃபீஸ் கட்ட வேண்டும்.

விழப்போகிறவனை மதிப்பெண் காட்டிக்கொடுப்பதில்லை. முதல் இன்டர்னலில் மிகக் குறைவாக வாங்கியவனைப் பற்றி எனக்குக் கவலை கிடையாது. அவன் வந்து உட்கார்ந்து எழுதியிருக்கிறான். சரியாக அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல் வந்தவனைப் பற்றித்தான் கவலை. ஞாயிறு இரவு கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் வேலைக்குப் போய்விட்டு, திங்கள் முதல் மணி நேரத்தில் காணாமல் போகிறவன் இன்னொருவன். 2021-இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளியிலிருந்து சேர்ந்தவர்களுக்குக் கட்டணத்தை அரசே கட்டிவிடுகிறது. நல்ல திட்டம். ஆனால் தமிழில் அணிக்கோவைக் கணக்கை அழகாகப் போட்டுப் பழகிய பிள்ளை, இங்கே ஆங்கிலக் கேள்வியில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று தெரியாமல் விழிக்கிறது. பக்கத்தில் இருப்பவனைக் கேட்டால் பத்து விநாடியில் தீர்ந்துபோகும். கேட்காது. கேட்டால் தெரியாது என்பது தெரிந்துவிடுமே.

கொரோனா காலத்தில், 2020 ஆகஸ்டில், ஃபீஸ் கட்டியிருந்தால் அரியர் தேர்வு எழுத வேண்டாம், தேர்ச்சிதான் என்று அரசு அறிவித்ததும் மாணவர்கள் பேனர் வைத்துக் கொண்டாடியது நினைவிருக்கலாம். பிறகு விஷயம் உயர் நீதிமன்றம் போய், தேர்வில்லாமல் தேர்ச்சி செல்லாது என்றாகி, எழுதத்தான் வேண்டியிருந்தது. அந்த அறிவிப்பை நான் ஆதரிக்கவில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனித்தேன். அதுவரை வீட்டில்கூட வாய் திறக்காதவர்கள் அந்த வாரம், “எனக்கு ஆறு”, “எனக்கு ஒன்பதுடா” என்று வாட்ஸாப்பில் கூச்சமில்லாமல் எண்ணிக்கை சொன்னார்கள்.

கல்லூரிகள் சும்மா இருப்பதாகச் சொல்ல முடியாது. தர மதிப்பீட்டுக்கு நாக் குழு வந்தால் ‘ஸ்லோ லேர்னர்’களுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்கும். ஆகவே பட்டியல் தயாராகும். சில இடங்களில் நோட்டீஸ் போர்டிலேயே ஒட்டுவார்கள். நாலு மணிக்கு மேல் சிறப்பு வகுப்பு. காலேஜ் பஸ் நாலரைக்குக் கிளம்பிவிடும். இந்த இரண்டு நேரத்தையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் ஏசாப் என்ற திட்டத்தைத் தொடங்கியபோது, ஆலோசகர், டியூஷன் இவற்றோடு பயண அட்டையும் கையில் கொடுத்தது. திட்டத்தில் சேராதவர்களில் 22 சதவீதம் பேர் மூன்று ஆண்டுகளில் படிப்பை முடித்தார்கள் என்றால், சேர்ந்தவர்களில் 40 சதவீதம் பேர் முடித்தார்கள். அட்டை மட்டுமே காரணமில்லைதான். ஆனாலும் பஸ்ஸைப் பற்றி யோசித்தவர்கள் மற்றதையும் யோசித்திருப்பார்கள்.

எனக்கு வழி காட்டியவர் யூரி ட்ரைஸ்மன். 1970-களில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் நுண்கணித வகுப்பில் கருப்பின மாணவர்கள் ஏன் இவ்வளவு பேர் விழுகிறார்கள் என்று பார்க்கப் புறப்பட்டார். ஆசிரியர்களைக் கேட்டார்: ஊக்கமில்லை, அடித்தளம் சரியில்லை, வீட்டில் அக்கறையில்லை, வறுமை. நம் ஸ்டாஃப் ரூமில் கேட்டாலும் இதே நாலுதான் வரும். அவர் இருபது கருப்பின மாணவர்களையும் இருபது சீன வம்சாவளி மாணவர்களையும் கூடவே இருந்து கவனித்தார். உழைப்பில் யாரும் குறைவில்லை. சீனப் பிள்ளைகள் தனியாகப் படித்த பிறகு கூடி உட்கார்ந்து, விடைகளை ஒப்பிட்டு, ஒருவரையொருவர் திருத்திக்கொண்டார்கள். கருப்பினப் பிள்ளைகளில் பதினெட்டுப் பேர் கடைசிவரை தனியாகவே படித்தார்கள். தாங்கள் எங்கே தப்பு செய்கிறோம் என்பதை ரிசல்ட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். ட்ரைஸ்மன் அமைத்த பயிலரங்கைப் பின்தங்கியவர்களுக்கான வகுப்பு என்று அவர் அறிவிக்கவில்லை. கெட்டிக்காரர்களுக்கான இடம் என்றுதான் அழைத்தார். கொடுத்ததும் கடினமான கணக்குகள். சேர்ந்தவர்கள் நன்றாகவே தேறினார்கள்.

இதைப் படித்த பிறகு, வாரத்தில் ஒரு லைப்ரரி பீரியடை நான் வாங்கிக்கொண்டேன். மேசைக்கு நாலு பேர், தேறுகிறவர்களும் தடுமாறுகிறவர்களும் கலந்து. ஒருவரால் தனியாகப் போட முடியாத கணக்காகப் பார்த்துக் கொடுப்பேன். ஆரம்பத்தில் மயான அமைதி. பிறகு சண்டை ஆரம்பித்தது, “டேய், சைன் தப்புடா”, “எங்கடா தப்பு, காட்டு” என்று. லைப்ரரியன் அம்மாதான் பாவம்.

இதனால் எல்லோரும் கரையேறிவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். கேட்டரிங்குக்குப் போகிறவனுக்கு அந்தப் பணம் வேண்டும். அதற்கு என் மேசையில் விடையில்லை. மாமா சொன்னார் என்று மெக்கானிக்கலில் சேர்ந்து, அதை அடியோடு வெறுத்த ஒரு பையன் இரண்டாம் வருடம் டி.சி. வாங்கிக்கொண்டு பி.காம். போனான். அவனுக்காக அவன் அப்பாவிடம் பேசியதையும் நான் உதவிக் கணக்கில்தான் எழுதுவேன்.

போன வருடம் ஒரு ஆவணத் தயாரிப்புக் கூட்டத்தில் இந்த லைப்ரரி பீரியடை ஸ்லோ லேர்னர் கோப்பில் சேர்க்கலாமே என்றார்கள். இடமும் நேரமும் பதிந்த போட்டோ வேண்டும், கூடவே பெயர்ப் பட்டியல். போட்டோ இருந்தது, மேசையைச் சுற்றி எல்லோரும் கையை நீட்டிக் கத்திக்கொண்டிருக்கும் படம். “இதுல ஸ்லோ லேர்னர் யாரு சார்?” என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டார். சொல்ல மறுத்துவிட்டேன். கோப்பில் சேரவில்லை.