காகித விமானம் கட்டுவோர்

மரித்துப்போன உற்றாருக்கு மறு உலகில் வேண்டியவற்றையெல்லாம் காகிதத்தில் சமைத்து அக்கினியின் வாயிலாக அனுப்பிவைப்பது சீனர்களின் பூர்வீக சம்பிரதாயம். அது பினாங்கில் இன்றளவும் சிரத்தையோடு நடந்துவருகிறது என்பதற்கு, ஏப்ரல் மாதத்துச் செங்பெங் கல்லறை வழிபாடும், அவர்களுடைய பஞ்சாங்கத்தின் ஏழாம் மாதத்தில் வட்டாரந்தோறும் நடைபெறும் போத்தோர் பூசையும், அப்பூசைப் பந்தல்களில் கம்பீரமாக எழுந்தருளியிருந்து இறுதி இரவில் எரியூட்டப்படும் தாய் சூ யா என்னும் மாபெரும் காகித மூர்த்தியுமே சாட்சி. வீடும் காரும் பணப்பெட்டியும் பணியாட்களுமாக நீளும் அந்தக் காணிக்கைப் பட்டியலில் ஆகாய விமானமும் சேர்ந்திருக்கிறது என்று கேள்விப்பட்ட நாள் முதலாக, அதைக் கட்டுகிறவர்களை அவர்களுடைய பட்டறையிலேயே கண்டு பேசவேண்டும் என்ற ஆவல் எனக்கு இருந்துவந்தது. ஜார்ஜ் டவுனில் சூலியா தெருவிலிருந்து கார்னர்வான் தெருப் பக்கமாகத் திரும்பி, அங்குள்ள பழைய கடைவீடுகளில் ஒன்றின் முன்புற நடைபாதையான அஞ்சடியில் சாய்த்து வைத்திருந்த மூங்கில்களையே அடையாளமாகக் கொண்டு, ஒரு முற்பகலில் உள்ளே நுழைந்தேன்.

முன்கூடத்தில் அடிவைக்க இடமில்லை. மூக்கிலிருந்து வால் வரை ஓர் ஆளின் உயரத்தை விஞ்சிய நீளத்தில், இன்னும் காகிதம் போர்த்தாத வெறும் மூங்கிற்கூடாக, விமானம் இரண்டு முக்காலிகளின்மேல் கிடந்தது. பட்டறையின் முதலாளியான தவுக்கே எழுபதைக் கடந்தவர். தகப்பனாரிடம் தொழில் பயின்றவர். அவருடைய மனைவி காகிதம் ஒட்டுவதையும், மருமகன் மூங்கில் பிளப்பதையும் கவனித்துக்கொள்கிறார்கள். நாங்கள் மலாயில் பேசிக்கொண்டோம். “உட்காருங்கள், அண்ணே, பிளாச்சுகளை மட்டும் மிதித்துவிடாதீர்கள்” என்று ஒரு முக்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, கையிலிருந்த வேலையை நிறுத்தாமலே என் கேள்விகளுக்கு விடை சொல்லிவந்தார்.

மூங்கிலை மெல்லிய பிளாச்சுகளாகச் சீவி, நீரில் ஊறவைத்து, விளக்குச் சுடரில் இளஞ்சூடு காட்டி வளைத்து, பெரிதும் சிறிதுமான வளையங்களாக்கி, அவற்றை நெடும் பிளாச்சுகளால் இணைத்துவிட்டால் விமானத்தின் உடல் உருப்பெற்றுவிடுகிறது. இணைக்கும் இடங்களில் ஆணியில்லை, கம்பியில்லை. பசையில் நனைத்த காகித நாடாவை முறுக்கிச் சுற்றிவிடுகிறார்கள், காய்ந்தபின் அந்த முடிச்சைக் கையால் அசைக்க முடிவதில்லை. கம்பி சுலபமல்லவா என்று கேட்டேன். “நெருப்பு எதையும் மிச்சம் வைக்கக்கூடாது. மிஞ்சியது அவரிடம் போய்ச் சேராதது” என்றார். இறக்கைகள் இரண்டையும் தாங்கும் மூங்கில், ஒரே நீளமாக உடலின் ஊடே சென்று இருபுறமும் நீண்டிருந்தது. தனித்தனியாகச் செருகினால் தம் பாரத்தாலேயே தொங்கிப்போகும் என்று அவர் சொன்ன காரணம், விமானப் பொறியியல் நூல்கள் கூறும் காரணமேதான்.

என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தது மூக்குப் பகுதி. காகிதம் ஒரு திசையில் வளைந்து கொடுக்கும்; ஒரே சமயத்தில் இரு திசைகளில் வளையச் சொன்னால் சுருங்கிக் கசங்கும். ஆகையால் அம்முதியவளின் கரங்கள், நுனி குறுகிய இதழ்களாகக் காகிதத்தைக் கத்தரித்து, ஓர் இதழின் விளிம்பு அடுத்ததன்மேல் மயிரிழையளவே ஏறுமாறு ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிச்சென்றன. ஈரமாக இருந்தபோது அங்கங்கே தளர்ந்து தொய்ந்திருந்த அந்தப் பரப்பு, மின்விசிறிக் காற்றில் உலர உலர, மத்தளத் தோல் போல் தானாகவே விறைத்து நின்றது. எந்திரங்களின் வாய்க்குத் தங்கத்தாளை நுண்மடிப்புகளாக மடித்து, வட்டமாக விரித்து, நடுவே ஒரு பொட்டு வைத்தார்கள். சக்கரங்களுக்கு அட்டைச் சுருளைத் துண்டுபோட்டுக் கருந்தாள் சுற்றினார்கள். சன்னல்களை வட்ட வாயுள்ள உளியால் தட்டி எடுத்து, பின்புறம் கண்ணாடித்தாள் ஒட்டினார்கள். வெளியில் வாங்கிய உறுப்பு ஒன்றையும் நான் காணவில்லை. சன்னல்களுக்கு அப்பால் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் தலைசாயும் இடத்திலும் ஒரு வெள்ளைத்தாள் துண்டு மடித்துப் போடப்பட்டிருந்தது.

காகிதத்தில் விமானமா என்று வியப்பவர்கள், பினாங்கு வானில் முதன்முதலாகப் பயணிகளை ஏற்றி வந்த விமானங்கள் எவற்றால் ஆனவை என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். பாயான் லெப்பாஸ் விமான நிலையம் 1935-இல் திறக்கப்பட்டது. மறு ஆண்டு மார்ச் மாதத்தில் இம்பீரியல் ஏர்வேஸ் பினாங்கிலிருந்து ஹாங்காங்குக்குச் சேவை தொடங்கியது. 1937-இல் வேர்ன்ஸ் நிறுவனத்தின் டிராகன் ராப்பிட் விமானங்கள் சிங்கப்பூரையும் கோலாலம்பூரையும் பினாங்கோடு இணைத்தன. ராப்பிட் மரச் சட்டங்களால் ஆனது; அதன் இறக்கைகளுக்குத் துணி போர்த்தி, அத்துணி இறுகுவதற்கென்றே ஒருவகை மெருகு பூசுவார்கள். 1947 மே முதல் நாள் மலாயன் ஏர்வேஸ் பறக்கவிட்ட ஏர்ஸ்பீட் கான்சலும் மர விமானமே. ஆகவே அந்த மூதாட்டியின் பசையும் அக்காலத்து விமானப் பட்டறையின் மெருகும் செய்த காரியம் ஒன்றுதான் என்று நான் சொல்லுவது உபசாரமன்று.

நம்மவர்களுக்கும் இந்த மூங்கிலும் காகிதமும் அந்நியமல்ல. நாகூர்க் கந்தூரிக் கொடி ஊர்வலத்தில் கப்பல் வடிவ ரதம் வருவதைக் கண்டவர்களும், மொகரத்தின்போது இதே பினாங்குத் தெருக்களில் காகிதத் தாபூத்துகள் சுமந்து செல்லப்பட்டதை முதியோர் சொல்லக் கேட்டவர்களும் இதை அறிவார்கள்.

ஜார்ஜ் டவுன் உலக மரபுடைமை நகரமாக 2008 ஜூலையில் அறிவிக்கப்பட்டது நற்செய்தியே. ஆயினும் அதற்கு முன்பே, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு முடிவுக்கு வந்ததால், இத்தகைய கைவினைஞர் பலர் தலைமுறைகளாக இருந்த கடைவீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. சுவருக்குள்ள காப்பு அதற்குள் குடியிருந்து உழைத்தவனுக்கும் கிட்டியிருக்கவேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். இப்போது சீனாவின் தொழிற்சாலைகளில் அச்சிட்ட அட்டை விமானங்கள் தட்டையாக மடிந்து வந்திறங்குகின்றன. மடித்த கோட்டில் மடித்தால் கால்மணி நேரத்தில் விமானம் எழுந்து நிற்கும். வர்ணமும் துல்லியமும் அவற்றில் குறைவென்று சொல்லமாட்டேன். எந்த மனிதருக்காக அது போகிறது என்பதுதான் அந்த அட்டைக்குத் தெரியாது.

இதை நான் அனுமானித்துச் சொல்லவில்லை. நண்பகலில், விமானத்துக்குச் சொல்லியிருந்தவர் பார்வையிட வந்தார். தாயார் காலமான நூறாம் நாளுக்கு அது எரியூட்டப்பட வேண்டும். அந்த அம்மாள் வாழ்நாளில் விமானம் ஏறாதவர். தவுக்கே அவரை உட்காரவைத்து, விலையைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்காமல், அம்மா எவ்வளவு உயரம், சன்னல் ஓரத்தை விரும்புவாரா, யாருக்கு அருகில் உட்கார்ந்தால் பயமில்லாமல் இருப்பார் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். முன்பே மறைந்த கணவருக்கு அருகில் என்று பதில் வந்ததும், மூன்றாம் வரிசையில் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவேயிருந்த கைத்தாங்கியை இடுக்கியால் பெயர்த்தெடுத்தார். பிறகு படிக்கட்டைப் பற்றிக் கேட்டார். அம்மாவுக்குக் கடைசி ஆண்டுகளில் முழங்கால் வலி, மாடிப்படி ஏறமாட்டார் என்று மகன் சொன்னார்.

தவுக்கே ஏற்கெனவே செய்துவைத்திருந்த படிக்கட்டைக் கையிலெடுத்துப் பார்த்தார். அதை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, படிகளின் உயரத்தைப் பாதியாக்கி, எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி, இருபுறமும் கைப்பிடி வைத்து வேறொன்று செய்யும்படி மருமகனிடம் சொன்னார். “கைப்பிடிக்குப் பழைய மூங்கில் வேண்டாம், சிலாம்பு இருக்கும்” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், அந்த இளைஞன் அஞ்சடிக்குப் போய்ப் புது மூங்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தான்.