முறைவாசல்

போஸ்ட்கிரெஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸை நம்பித் தொழில் நடத்தும் ஒரு கம்பெனியில் சம்பளம் வாங்குகிறேன். அந்தப் போஸ்ட்கிரெஸுக்கே பேட்ச், அதாவது கோடில் செய்யும் மாற்றம், எழுதி அனுப்புவதுதான் என் வேலை.

வாடிக்கையாளர் கேட்ட வசதி அடுத்த மாதமே வேண்டும் என்பார் மேனேஜர். போஸ்ட்கிரெஸிலோ பேட்ச்களைப் பரிசீலிக்க ஆண்டுக்கு ஐந்து முறை, ஒவ்வொன்றும் ஒரு மாதம், கமிட்ஃபெஸ்ட் நடக்கும். ஒரே வாசலைப் பல குடித்தனக்காரர்கள் முறைவைத்துப் பெருக்குவது போன்ற ஏற்பாடு அது. நீங்கள் ஒரு பேட்ச் கொடுத்தால், ஏறக்குறைய அதே கனமுள்ள இன்னொருவர் பேட்சைப் படித்துக் குறைநிறை சொல்ல வேண்டும். ‘போட்டிக் கம்பெனிக்காரன் பேட்சை நம் செலவில் ஏன் சரிபார்க்கணும்?’ என்பார் மேனேஜர். நம் பேட்சைப் படிக்கப்போகிறவரும் போட்டிக் கம்பெனிக்காரர்தான் சார் என்பேன்.

கம்பெனிக்குள் எழுதிய கோடு பெரும்பாலும் ஒரே மூட்டையாக இருக்கும். அதை அப்படியே அனுப்பினால் யாரும் தொடமாட்டார்கள். நடத்தை மாறாமல் ஃபங்க்ஷன்களை இடம் மாற்றுவது முதல் பேட்ச். புது வசதி அடுத்தது, டெஸ்ட்டும் ஆவணமும் அதனுடனேயே. அதன்பிறகு வாடிக்கையாளரின் வாடையை நீக்க வேண்டும். ஒருவருக்காக நாங்கள் சேர்த்த செட்டிங் ஒன்று அப்படித்தான் மாட்டியது. ‘இதற்கு என்ன மதிப்புக் கொடுப்பது என்று பயன்படுத்துகிறவருக்கு எப்படித் தெரியும்?’ என்று ரிவ்யூவில் ஒரே கேள்வி. செட்டிங்கை எடுத்துவிட்டு, சர்வரே கணக்கிட்டுக்கொள்ளும்படி மாற்றினோம். கோடு பாதியாகச் சுருங்கியது. தலைவலி கொடுக்கும் ரிவ்யூவர்களை எனக்குப் பிடித்துப்போனது இப்படித்தான்.

பேட்சை அனுப்பாமல் நாமே தனியே வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். ஆண்டுதோறும் புதிய பெரிய பதிப்பு வரும்; ஒதுக்கி வைத்ததையெல்லாம் ஒவ்வொரு முறையும் திரும்ப ஒட்டியாக வேண்டும்.

ஒரே கம்பெனி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளாதா என்றும் கேட்கலாம். 2020இல் ஈடிபி என்ற போஸ்ட்கிரெஸ் கம்பெனி, அதே தொழிலில் இருந்த செகண்ட் குவாட்ரன்ட்டை வாங்கியது. போஸ்ட்கிரெஸ் திட்டத்தை வழிநடத்தும் கோர் குழுவில் இருந்த ஐவரில் மூவர் ஒரே கம்பெனி ஆட்களாகிவிட்டார்கள். பாதிக்கு மேல் ஒரே நிறுவனம் கூடாது என்பது அங்கே எழுதாத விதி. அதே ஆண்டு, வேறு கம்பெனிகளில் இருந்த ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட், ஜொனதன் காட்ஸ் இருவரையும் சேர்த்து எழுவராக்கினார்கள்.

ரெடிஸ் என்ற டேட்டாபேஸின் கதை வேறு. அதுவும் போஸ்ட்கிரெஸ் போலத் தாராளமான லைசென்ஸில்தான் இருந்தது. ஆனால் பெயரும் ரெப்போவும் ஒரே கம்பெனியின் கையில். 2024 மார்ச்சில் லைசென்ஸை இறுக்கினார்கள். அதே மாதம் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வால்கீ என்ற தனித் திட்டம் அதிலிருந்து பிரிந்தது. போஸ்ட்கிரெஸின் பெயர் உரிமை லாபநோக்கற்ற அமைப்பிடம் இருக்கிறது. லைசென்ஸ் மட்டும் போதாது என்பதால், எங்கள் கம்பெனி புதிதாக ஒரு ஓப்பன் சோர்ஸ் திட்டத்தோடு கைகோக்க யோசிக்கும்போது வக்கீல் லைசென்ஸைப் படிப்பார். நான், மாற்றங்களை நேரடியாகச் சேர்க்கும் கமிட் உரிமை உள்ளவர்களின் பட்டியலை எடுத்து, அவரவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று பெயருக்கு நேரே எழுதுவேன்.