உளவியல் படிக்கும் பிள்ளைக்கு ஒரு மன்றம்

மருத்துவம் பயிலும் பிள்ளைக்கு மருத்துவமனை இருக்கிறது. சட்டம் பயிலும் பிள்ளைக்கு நீதிமன்றம் இருக்கிறது. உளவியலில் இளங்கலைப் பட்டம் பெற்று வெளியே வரும் பெண்ணுக்கு என்ன இருக்கிறது? "பைத்தியங்களோடு பழகும் படிப்பாச்சே" என்று ஒரு சாரார் முகம் சுளிக்கிறார்கள். முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் மனத்திலுள்ளதைச் சொல்லிவிடுவாள் என்று மறு சாரார் நம்புகிறார்கள். இரண்டில் எது அவளுக்கு அதிகத் தொல்லை என்று கேட்டால், பின்னதுதான் என்பேன்.

என் மகள் சென்னையிலுள்ள ஒரு மகளிர் கல்லூரியில் பி.எஸ்ஸி. உளவியல் இரண்டாமாண்டு பயில்கிறாள். சென்ற ஆண்டு, துறையின் உளவியல் மன்றத்தில் சேர அனுமதியும் சந்தாப் பணமும் கேட்டு அவள் தொலைபேசியில் பேசியபோது, "படிக்கப் போன இடத்தில் சங்கம் எதற்கு?" என்று என் மாமியார் வினவினார். நியாயமான கேள்வி. நம் இல்லங்களில் பலரும் கேட்கக்கூடியதுதான்.

இத்துறை வளர்ந்ததே சங்கங்களின் மடியில்தான். அமெரிக்க உளவியல் சங்கம் 1892இல் தோன்றியது. பிரிட்டிஷ் உளவியல் சங்கம் 1901இல் தோன்றியது. நம் நாட்டில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1916இல் முதல் உளவியல் துறையைத் தொடங்கிய ஆறாண்டுகளில், கிரீந்திரசேகர போஸ் அங்கே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். தேசிய உளவியல் அகாதமி 1989இல் உருவானது. இவை அறிஞர்களின் அவைகள். மாணவர்க்கென்று தனியே எழுந்தவற்றுள் பெயர் பெற்றது, 1929இல் அமெரிக்காவில் தொடங்கிய 'சை கை' என்னும் அமைப்பு. குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்கு மேல் பெற்றவர்களுக்கே அதில் இடம். ஒருமுறை சேர்ந்தால் ஆயுள் முழுதும் உறுப்பினர். ஈராண்டுக் கல்லூரிகளில் பயில்வோருக்கு 1977இல் 'சை பீட்டா' என்று மற்றொன்று எழுந்தது. ஐரோப்பாவில் பல நாட்டு உளவியல் மாணவர் சங்கங்கள் 1987இல் ஒன்றுகூடித் தமக்கென ஒரு கூட்டமைப்பைக் கண்டன. அதை நடத்துகிறவர்களும் மாணவர்களே.

என் மகளின் மன்றம் இத்தனை பெரியதன்று. மாதம் ஒரு கூட்டம், அதில் ஒரு மாணவி கட்டுரை வாசிப்பாள். ஆண்டுக்கொரு முறை 1794இல் தொடங்கப்பட்ட கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையைப் பார்வையிடுவார்கள். அக்டோபர் 10, உலக மனநல நாளன்று ஒரு நிகழ்ச்சி நடக்கும். பொன்னாடைக்கும் குழுப் புகைப்படத்துக்கும் குறைவில்லை. (அந்தப் பொன்னாடைச் செலவில் நூலகத்துக்கு நான்கு நூல்கள் வாங்கலாம் என்பது என் கருத்து. யார் கேட்கிறார்கள்?)

பெற்றோரையும் அழைத்திருந்த ஒரு கூட்டத்துக்கு நானும் சென்று கடைசி வரிசையில் அமர்ந்திருந்தேன். ஓய்வு பெற்ற பேராசிரியை ஒருவர் மேடையில் பேசாமல் பிள்ளைகளின் நடுவே வந்து நின்று, "விடுதியில் உன் தோழி, வாழப் பிடிக்கவில்லை என்கிறாள். நீ என்ன செய்வாய்?" என்று கேட்டார். "ஆலோசனை சொல்வேன்" என்றாள் ஒருத்தி. "தைரியம் சொல்வேன்" என்றாள் இன்னொருத்தி. "யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துப் பேச வைப்பேன்" என்றாள் மூன்றாமவள்.

அம்மையார் மூன்றையும் மறுத்தார். "நீ கேட்பாய். இடைமறிக்காமல் கேட்பாய். அவளைத் தனியே விடமாட்டாய். காப்பாற்ற முடியாத வாக்கை அவளுக்குக் கொடுக்கமாட்டாய். விடுதிக் காப்பாளரிடமும் அவள் வீட்டாரிடமும் சொல்லி, மருத்துவரிடம் சேர்ப்பாய். நீ மாணவி, மருத்துவர் அல்ல" என்றார். 14416 என்ற எண்ணைக் கரும்பலகையில் எழுதினார். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் அது, கட்டணமில்லை.

இந்தப் பாடம் எந்தத் தேர்வுத்தாளிலும் வருவதில்லை. மூளையின் பகுதிகளையும் நினைவாற்றலின் வகைகளையும் பாடத்திட்டம் கற்பிக்கிறது. தான் எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை மூத்தவர்கள்தாம் கற்பிக்க வேண்டும். சட்டமும் அதையே சொல்கிறது. 1992ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மறுவாழ்வுக் கவுன்சில் சட்டப்படி, பதிவேட்டில் பெயர் உள்ளவரே மருத்துவ உளவியலாளராகத் தொழில் புரியலாம். அதற்கு மூன்றாண்டுப் பட்டம் மட்டும் போதாது. மேற்படிப்பும் நோயாளிகளிடையே பெற்ற பயிற்சியும் வேண்டும். ஆனால் சில வாரப் பயிற்சியில் 'ஆலோசகர்' சான்றிதழ் தருவதாக விளம்பரங்கள் வருகின்றன. மன்றம் இல்லாத கல்லூரியின் பிள்ளை அதை நம்பிப் பணம் கட்டினால் தடுக்க யார் இருக்கிறார்கள்?

நாங்கள் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர்க்காரர்கள். 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். என் மகள் அப்போது பிறக்கவில்லை. எனினும் மன்றத்தில் அவள் வாசித்த முதல் கட்டுரை அதைப் பற்றியதுதான். உச்ச நீதிமன்றம் தானாகவே அவ்வழக்கை எடுத்துக்கொண்டதை அவள் சொல்லித்தான் என் மாமியார் அறிந்தார். பத்தாம் நூற்றாண்டில் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் எழுதி, காரணம் தெரிந்த துயரத்தையும் காரணம் புலப்படாத துயரத்தையும் வேறுபடுத்திக் காட்டினார் என்பதையும் அவளே சொன்னாள். "நம் ஆட்களா?" என்று வியந்தவர், அன்றிலிருந்து சங்கம் எதற்கு என்று கேட்பதில்லை.

கோடை விடுமுறையில் நடந்ததை, உரியவளின் சம்மதம் பெற்று, அடையாளம் தெரியாதவாறு எழுதுகிறேன். தெரிந்த மாமி ஒருவர் வந்தார். மருமகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம். மகன் வெளிநாட்டில். மருமகள் பேசுவதில்லை, உறங்குவதில்லை, பிள்ளையைத் தூக்குவதுமில்லை. "நீதான் மனசைப் படிக்கிற பிள்ளையாச்சே, வந்து நாலு வார்த்தை புத்தி சொல்லும்மா" என்றார்.

"புத்தி சொல்ல எனக்குத் தகுதியில்லை மாமி. லாத்தாவோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருகிறேன்" என்று சென்றாள். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியவள் முகம் வெளுத்திருந்தது. "உம்மா, தான் இல்லாவிட்டால் பிள்ளைக்கு நல்லது என்கிறார். இன்று இரவு அவரைத் தனியே விடக் கூடாது. மாமியிடம் இப்போதே சொல்ல வேண்டும்" என்றாள். நான் உடன் சென்றேன். மாமி முதலில் சினந்தார். பிறகு மருமகளின் அருகிலேயே படுத்துக்கொண்டார். மறுநாள் காலை இராமநாதபுரம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நால்வருமாகச் சென்றோம். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்றார் மருத்துவர். மருந்து தொடங்கிற்று; உடனே பலன் தெரியவில்லை. மெல்ல மெல்ல உறக்கம் வந்தது. இப்போது அவளே பிள்ளையைக் குளிப்பாட்டுகிறாள், அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் மாமி எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டார்களாம். மகள் இதை மன்றத்தில், பெயர் சொல்லாமல், பேசியிருக்கிறாள். "இப்படியும் நேரும், அதற்கும் மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்" என்றாராம் அதே பேராசிரியை. வீட்டில் நாங்கள் ஆறுதல் சொன்னோம். எனினும் அதே பாதையில் முன்னே நடந்த ஒருவர் சொன்னதுதான் அவளைத் தேற்றிற்று.

இவ்வாண்டு மன்றத்தில் ஒரு சர்ச்சை. அறுபது விழுக்காட்டுக்கு மேல் பெற்றவர்களே பொறுப்புக்கு வரலாம் என்ற விதியை நீக்கக் கோரி, என் மகளும் தோழியரும் தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார்கள். தரம் குறையும் என்பது எதிர்த்தரப்பு வாதம். மதிப்பெண் குறைந்தவளுக்குத்தான் மூத்தவர்களின் துணை அதிகம் வேண்டும் என்று நான் நினைக்கிறேன்; அங்கே எனக்கு வாக்கு இல்லை. வாக்கெடுப்பு அடுத்த மாதம். வெள்ளிக்கிழமை இரவுகளில் அவள் தொலைபேசியில் கணக்கு ஒப்பிக்கிறாள்: ஆதரவாகப் பதினெட்டு பேர், எதிராக இருபது பேர், இன்னும் முடிவு செய்யாதவர்கள் ஏழு பேர்.