பவர் பட்டனில் விரல் வைக்கும் முன்

லினக்ஸில் பெரிய அப்கிரேட் ஒன்றைச் செய்து, திரை கறுத்து, மவுஸ் அசையாமல் நிற்கும்போது நம் விரல் தானாகவே பவர் பட்டனுக்குப் போகும். அந்தக் காரியத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடப் பழகுங்கள் என்பதுதான் இளையவர்களுக்கு நான் சொல்ல வந்தது. ஓய்வுபெற்ற பிறகு, எங்கள் பகுதிப் பிள்ளைகளின் கணினிகளைப் பார்த்துக் கொடுப்பது என் வழக்கமாகிவிட்டது. "சிஸ்டம் செத்துப்போச்சு தாத்தா" என்று சொல்லித்தான் நீட்டுவார்கள். அப்படி வந்தவற்றில் உண்மையிலேயே செத்துப்போனவை மிகக் குறைவு.

பதில் வரவில்லை என்றதும் உயிர் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. லினக்ஸ் அடுக்கடுக்காக ஓடுகிறது. அடியில், வன்பொருளோடு நேரடியாகப் பேசும் கெர்னல். அதன்மேல் சேவைகளை எழுப்பி நிறுத்தும் சிஸ்டம்டி. அதற்கும் மேலேதான் நாம் பார்க்கும் ஜன்னல்களும் ஐகான்களும். மேலடுக்கு விழுந்தாலே நமக்கு எல்லாம் போய்விட்டதாகத் தெரியும். அடியில் கெர்னல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே முதல் கேள்வி, எந்த அடுக்கு வரை உயிர் இருக்கிறது என்பதுதான்.

கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கெர்னல் பெரும்பாலும் விழித்திருக்கிறது. வட்டின் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் அப்கிரேட் இன்னும் நடந்துகொண்டிருக்கலாம். கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். பிறகு கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரையில் லாகின் கேட்டு ஒரு வரி வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. உள்ளே நுழைந்து என்ன ஓடுகிறது என்று பார்க்கலாம். வேலை முடிந்திருந்தால் முறையாக ரீஸ்டார்ட் கொடுக்கலாம்.

அதுவும் வரவில்லையா? இன்னொரு வழி இருக்கிறது. ஆல்ட்டையும் பிரிண்ட் ஸ்க்ரீன் பொத்தானையும் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி என்று சில விநாடி இடைவெளி விட்டு வரிசையாக அழுத்த வேண்டும். சில மடிக்கணினிகளில் எஃப்என் பொத்தானும் சேர வேண்டியிருக்கும். எஸ், நினைவகத்தில் நிற்கும் தரவை வட்டில் எழுதச் சொல்கிறது. யு, வட்டை இனி எழுத முடியாதபடி வாசிப்புக்கு மட்டும் என்று மாற்றுகிறது. பி, உடனே ரீபூட் செய்கிறது. உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் இந்த மூன்றும் இயல்பாகவே இயங்கும்படி விடப்பட்டிருக்கின்றன. பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் பாதி எழுதிய கோப்பு பாதியிலேயே நின்றுபோகும். அப்கிரேட் நடுவில் அது எந்தக் கோப்பாக இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

உபுண்டு 22.04-இலிருந்து 24.04-க்கு மாறியவர்கள் இந்தக் கறுப்புத் திரையை நிறையப் பார்த்திருப்பார்கள். முன்னதில் முதலில் வந்த கெர்னல் 5.15, பின்னதில் 6.8. கெர்னல் மாறினால், என்விடியா போன்ற கிராஃபிக்ஸ் டிரைவர்கள் அந்தப் புதிய கெர்னலுக்குப் பொருந்தும் மாட்யூலாகத் திரும்பக் கட்டப்பட வேண்டும். கட்டுவதில் தடங்கல் வந்தால் கெர்னல் நன்றாக எழுந்திருக்கும், திரையை வரைய மட்டும் ஆள் இருக்காது. கல்லூரியில் இறுதி ஆண்டு படிக்கும் பெண் ஒருத்தி, புராஜெக்ட் எல்லாம் போய்விட்டது என்று அழுதுகொண்டே கொண்டுவந்தது இதே கோளாறுதான். கணினி எழும் நேரத்தில் எஸ்கேப்பைத் தட்டி, எந்தக் கெர்னலை ஏற்றுவது என்று தேர்ந்தெடுக்க உதவும் கிரப் மெனுவை வரவழைத்து, 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்ற வரியைத் திறந்தோம். அங்கே பழைய கெர்னல் அப்படியே இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்ததும் அவள் டெஸ்க்டாப் வந்தது. புராஜெக்ட்டைப் பென்டிரைவில் நகலெடுத்த பிறகுதான் டிரைவர் பக்கமே போனோம். அந்த வரிசையை மாற்ற நான் யாரையும் விடுவதில்லை. முதலில் தரவு, பிறகுதான் பழுது.

புதியது வந்ததும் பழையதைத் தூக்கிப் போடாமல், புதியது தன்னை நிரூபிக்கும்வரை பக்கத்திலேயே வைத்திருப்பதை உபுண்டுவைச் செய்தவர்கள் கெர்னல் விஷயத்தில் ஒரு வழக்கமாகவே கொண்டிருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது. வேலை, ஊர், வீடு என்று எதை மாற்றும்போதும் நம்மில் பலர் பாலத்தை இடித்துவிட்டுத்தான் அக்கரைக்குக் கிளம்புகிறோம். திரும்பி வர ஒரு வழி வைத்திருப்பதைக் கோழைத்தனம் என்று நினைக்கும் வயது எல்லோருக்கும் வரும். அது கோழைத்தனம் இல்லை என்று வயதானவனாக அழுத்திச் சொல்கிறேன்.

பழைய கெர்னலும் எழவில்லை என்றால், அதே மெனுவில் ரெக்கவரி மோட் இருக்கிறது. வட்டு நிரம்பியிருந்தால் இடம் உண்டாக்க ஒரு வரி, கோப்பு அமைப்பைச் சோதிக்க ஒரு வரி, பாதியில் நின்ற பேக்கேஜ்களைச் சரிசெய்ய ஒரு வரி என்று அங்கே கிடைக்கும். இந்தக் கடைசி வரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உபுண்டுவும் சேர்ந்த டெபியன் குடும்பத்து லினக்ஸ்களில் பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி என்ற கருவி, ஒவ்வொன்றையும் முதலில் பிரித்து வைக்கும், பிறகு அமைத்து முடிக்கும். எது எந்த நிலையில் நிற்கிறது என்பதை ஒரு கோப்பில் குறித்துக்கொண்டே போகும். கரன்ட் போய் நடுவில் நின்றாலும், விட்ட இடம் எது என்று அதற்குத் தெரியும். தொடரச் சொன்னால் பெரும்பாலும் அங்கிருந்தே தொடரும்.

ரெக்கவரி மோடுக்கும் வழியில்லாதபோதுதான், உள்வட்டை நம்பாமல் தானே லினக்ஸை எழுப்பும் லைவ் பென்டிரைவ். அதிலிருந்து கணினியை எழுப்பி, உள்வட்டை மவுண்ட் செய்து, தரவைக் காப்பாற்றி, பிறகு குரூட் என்ற கட்டளை மூலம் பழைய அமைப்புக்குள்ளேயே புகுந்து, கெர்னல் எழும்போது முதலில் பயன்படுத்தும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் கிரப்பையும் திரும்பக் கட்டலாம். வட்டு என்கிரிப்ட் செய்யப்பட்டிருந்தால் கடவுச்சொல் வேண்டும். அது இல்லாமல் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

எடுத்த எடுப்பில் "ரீஇன்ஸ்டால் பண்ணிடுங்க" என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. காரணம் தெரியாமல் துடைத்துப் போட்டால், அடுத்த அப்கிரேடில் அதே காரணம் திரும்ப வந்து நிற்கும். முந்தைய பூட்டில் என்ன நடந்தது என்பதை சிஸ்டம்டியின் ஜர்னல் எழுதி வைத்திருக்கும். அப்கிரேடின் கதை தனி லாக் கோப்புகளில் இருக்கும். அவற்றைப் படித்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து பாருங்கள். ஐந்து இடத்தில் பார்த்த ஐந்து கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடித்தால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. ஆனால் நாளை காலை வேலை ஒப்படைக்க வேண்டும், தரவும் பத்திரமாக இருக்கிறது என்றால், ரீஇன்ஸ்டால் செய்வதில் வெட்கப்பட எதுவுமில்லை. அதையும் லாக்குகளைப் படித்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

இவ்வளவும் கணினியைப் பற்றி மட்டும் எழுதவில்லை. தேர்வில் தோற்ற பையன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பேச மறுத்தால், வீட்டார் கதவைத் தட்டித் தட்டி, "உனக்கு என்னதான் ஆச்சு?" என்று கேட்கிறார்கள். பெரிய கேள்விக்கு அந்த நேரத்தில் அவனிடம் பதில் இருக்காது. வாசலில் வைத்த டீயை எடுத்துக்கொண்டானா, "ஃபேனைப் போடட்டுமா" என்றால் தலையாவது அசைக்கிறானா என்று சின்னதாகப் பாருங்கள். எந்த இடத்தில் பதில் வருகிறதோ அங்கிருந்துதான் அவனோடு பேச்சைத் தொடங்க முடியும். எங்கேயும் பதில் இல்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். மூர்க்கமாக உலுக்கி எழுப்பிய எதுவும், இயந்திரமோ மனிதனோ, முழுதாக எழுந்து நான் பார்த்ததில்லை.

மீண்டும் கணினிக்கு வருகிறேன். உபுண்டு 22.04-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2027-இல் முடிகிறது. இதைப் படிக்கும் உங்களில் பலர் அதற்குள் ஒரு பெரிய அப்கிரேடைச் செய்தாக வேண்டியிருக்கும். தொடங்குவதற்கு முன் முக்கியமான கோப்புகளை வெளிவட்டில் நகலெடுங்கள். எடுத்த நகலில் ஒரு கோப்பையாவது திறந்து பாருங்கள். லைவ் பென்டிரைவ் ஒன்றைச் செய்து, அதிலிருந்து கணினி எழுகிறதா என்று சோதியுங்கள். மடிக்கணினியைச் சார்ஜரிலேயே வைத்திருங்கள். மறுநாள் அவசர வேலை இருக்கும் இரவில் மட்டும் தயவுசெய்து தொடங்காதீர்கள்.