முப்புரிச் சுருள்

நுழையும்முன்

அரிய விடையைக் கண்டறிந்த அறிஞரை உலகம் போற்றுகிறது. அவ்விடையில் குறை சுட்டப்பட்டபோது அவர் என்ன செய்தார் என்பதை நாம் அரிதாகவே கேட்கிறோம். அறிவியல் மனப்பான்மையின் உரைகல் அதுவே. சென்னையில் நிகழ்ந்த ஓர் ஆய்வு இதனை நமக்கு விளக்குகிறது.

கயிறும் உடலும்

கயிறு திரிப்பவர் தென்னை நாரை முதலில் தனித்தனிப் புரிகளாக முறுக்குவார். பின்பு அப்புரிகளை ஒன்றுசேர்த்து எதிர்த்திசையில் முறுக்குவார். தனிப்புரி எளிதில் அறுந்துவிடும். முப்புரிக் கயிறோ கிணற்றிலிருந்து நிறைகுடத்தை மேலே கொண்டுவரும். மனிதன் கையால் கற்ற இத்தொழிலை, அவன் தோலும் எலும்பும் தசைநாணும் அவன் அறியாமலே செய்துவந்தன. அவ்வுறுப்புகளுக்கு உறுதி தரும் புரதத்தின் பெயர் கொலாஜன். அதன் அமைப்பு 1950களின் தொடக்கத்தில் விடுவிக்கப்படாத புதிராக இருந்தது.

சென்னையில் பிறந்த வினா

எர்ணாகுளத்தில் 1922ஆம் ஆண்டு பிறந்த கோ. நா. இராமச்சந்திரன், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். சர் சி. வி. இராமன் அவருடைய திறனைக் கண்டு அவரை இயற்பியலுக்கு ஈர்த்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையை நிறுவி நடத்தும் பொறுப்பு 1952இல் அவரிடம் வந்தபோது அவருக்கு ஏறத்தாழ முப்பது வயது.

அவ்வாண்டு சென்னைக்கு வந்த அறிஞர் ஜே. டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று உரையாடலில் குறிப்பிட்டார். அச்சொல் இராமச்சந்திரனின் உள்ளத்தில் வித்தாக விழுந்தது. கிண்டியில் அண்மையிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. கொலாஜன் மாதிரிகள் அங்கிருந்து கிடைத்தன. கங்காருவின் வால் தசைநாண் இழை, ஊடுகதிர்ப் படத்தில் தெளிவான குறிகளைத் தந்தது.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் மணிகளாகக் கோக்கப்பட்ட சங்கிலி. கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்னும் அமினோ அமிலமே. அமினோ அமிலங்களுள் அதுவே மிகச் சிறியது. அதன் பக்கத்தொகுதி ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு. மூன்று சங்கிலிகள் நெருங்கிச் சேரும் நடுப்பகுதியில் பெரிய தொகுதிக்கு இடமில்லை. கிளைசினுக்கு மட்டுமே இடமுண்டு. இவ்வேதியியல் உண்மையைத் துணைகொண்டு இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் மூவிழை அமைப்பை 1954இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். மூன்று இழைகளும் ஒன்றையொன்று சுற்றிச் சுருண்டிருக்கும் திருத்திய வடிவத்தை மறு ஆண்டே தந்தனர். ஒவ்வோர் இழையும் இடப்புறமாகவும், மூன்றும் இணைந்த சுருள் வலப்புறமாகவும் முறுக்கப்பட்டிருக்கும். கயிற்றின் இலக்கணமே கொலாஜனின் இலக்கணமாயிற்று.

குறையிலிருந்து கிளைத்த கேள்வி

மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. டி.என்.ஏ. அமைப்பைக் கண்டவருள் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் 1955இல் மறுப்பு எழுப்பினர். சென்னை வடிவத்தில் சில அணுக்கள் இயற்கை இசையாத அளவுக்கு நெருங்கியுள்ளன என்பதும், மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் அமைய இயலாது, ஒன்றே அமையும் என்பதும் அவர்தம் கருத்து.

இராமச்சந்திரன் மனம் தளரவில்லை. மறுப்புக்குள் மறைந்திருந்த வினாவைப் பிரித்தெடுத்தார். ‘மிக நெருங்கியுள்ளன’ என்றால், எவ்வளவு நெருங்கலாம்? அதற்குத் திட்டவட்டமான எல்லை அந்நாளில் வகுக்கப்பட்டிருக்கவில்லை. அதுவரை அறியப்பட்ட படிக அமைப்புகளை ஆராய்ந்து, எவ்வெவ் அணுக்கள் எவ்வளவு தொலைவுவரை நெருங்க முடியும் என அவரும் உடனுழைத்தோரும் தொகுத்தனர்.

புரதச் சங்கிலியில் அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு பிணைப்பு தட்டையானது, எளிதில் திரும்பாது. ஒவ்வோர் அமினோ அமிலத்தின் நடுக்கார்பனுக்கு இருபுறமும் உள்ள பிணைப்புகளில் மட்டுமே சங்கிலி சுழல முடியும். அவ்விரு சுழற்சிகளின் கோணங்கள் ஃபை, சை எனப்படும். ஒன்றைக் கிடையச்சிலும் மற்றொன்றைக் குத்தச்சிலும் குறித்தால் ஒரு வரைபடம் கிடைக்கும். அணுக்கள் ஒன்றோடொன்று மோதும் கோணங்களை நீக்கியபோது, வரைபடத்தின் பெரும்பகுதி தடைப்பட்ட நிலமாகவும் சிறுபகுதி இசைந்த நிலமாகவும் பிரிந்தது. முன்னரே அறியப்பட்ட ஆல்ஃபா சுருளும் பீட்டா அமைப்பும் இசைந்த நிலத்திலேயே அமைந்தன. வி. சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் ஆகியோருடன் சேர்ந்து அவர் இதனை 1963இல் வெளியிட்டார். ‘இராமச்சந்திரன் வரைபடம்’ என உலகம் அதற்குப் பெயரிட்டது.

காலத்தின் தீர்ப்பு

கொலாஜன் முச்சுருளே என்னும் அடிப்படை நிலைபெற்றது. நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றே என்னும் மறுப்பாளர் கருத்தும் பின்னர் உறுதிப்பட்டது. ஒரு பகுதி நிலைத்தது. ஒரு பகுதி திருந்தியது. திருத்தத்தின் வழியே பிறந்த வரைபடமோ முதல் கண்டுபிடிப்பினும் நெடுந்தொலைவு சென்றது. இராமச்சந்திரன் 2001இல் மறைந்தார். இன்றும் உலகின் எந்த ஆய்வகத்தில் ஒரு புரதத்தின் வடிவம் கண்டறியப்பட்டாலும், அது பிழையற்றதா எனச் சரிபார்க்க அவ்வரைபடத்தின் முன் வைக்கப்படுகிறது.

தேர்வுத்தாளில் சிவப்பு மையைக் கண்டு முகம் வாடும் மாணவர் இதனை எண்ணிப் பார்க்கலாம். மதிப்பெண் குறைந்த இடத்தில்தான் கற்க வேண்டியது எஞ்சியிருக்கிறது. கிண்டியில் அன்று எஞ்சியிருந்தது ஒரு வினா. அதை விடாது பற்றியவர்க்கு அதுவே பெரும்பேறாயிற்று.