கரடியும் மூட்டைப்பூச்சியும்

நாக்பூருக்கு மாற்றலாகி வந்து இது மூன்றாவது வெயில். ஏப்ரலிலேயே 42 டிகிரி. அந்த வெயிலில் எங்கள் எட்டாம் வகுப்பு மகள் முழுக்கை சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போக ஆரம்பித்தாள். தங்கமணி துருவித் துருவிக் கேட்டதில், வகுப்பில் அவளை 'பாலு' என்று கூப்பிடுகிறார்களாம். "யாருடீ அது பாலு?" என்று இவள் கேட்க, பொண்ணு அழுதேவிட்டாள். இந்தியில் பாலு என்றால் கரடி. கையில் இருக்கிற பூனைமுடிக்காக இந்தப் பட்டம்.

தங்கமணி கஸ்தூரி மஞ்சளும் கடலைமாவும் குழைத்தாள். பொண்ணு வாக்ஸிங்தான் வேண்டும் என்று அடம். நான் பி.காம்., நமக்குத் தெரிந்ததெல்லாம் பற்று, வரவு. பிரயோஜனமே இல்லாத ஒரு ஐட்டத்தை உடம்பு இத்தனை லட்சம் வருஷமாக ஏன் கேரி ஃபார்வர்ட் பண்ணுகிறது, எப்போதோ ரைட் ஆஃப் செய்திருக்க வேண்டாமோ என்று தோன்றியது. ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தேன்.

நாம் முடி கொட்டிப்போன குரங்கு இல்லையாம். நம் உடம்பில் சுமார் 50 லட்சம் மயிர்க்கால்கள். சிம்பன்சி வகையறாவுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். எண்ணிக்கை குறையவில்லை, முடிதான் மெலிந்து குட்டையாகிவிட்டது. காரணமாக நிறைய பேர் சொல்வது வியர்வை. ஆப்பிரிக்கப் புல்வெளி வெயிலில் நடந்தும் ஓடியும் பிழைத்தவர்களுக்கு வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். அடர்ந்த ரோமம் அதற்கு இடைஞ்சல். தலைமுடியை மட்டும் விட்டுவைத்தது உச்சிவெயிலுக்குக் குடையாக. 2023ல் வெளியான ஓர் ஆய்வில் சூடேற்றிய பொம்மைக்கு விக் மாட்டிப் பார்த்தார்கள். நல்ல சுருட்டை முடிதான் வெயிலை அதிகம் தடுத்ததாம். (என் சுருட்டையில் பாதி போய்விட்டது, அது வேறு கதை.)

சரி, மிச்சமிருக்கிற பூனைமுடி எதற்கு? இங்கேதான் மூட்டைப்பூச்சியார் வருகிறார். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் 29 பேருக்கு ஒரு கையில் கொஞ்சம் இடத்தை மழித்து, இன்னொரு கையை அப்படியே விட்டு, பசித்த மூட்டைப்பூச்சிகளை ஊரவிட்டார்கள். 2011ல் முடிவு வெளியானது. முடி இருந்த கையில் பூச்சிக்குக் கடிக்க இடம் பிடிக்கவே நேரமானது. ஊர்வதும் அந்தக் கையில்தான் நன்றாகத் தெரிந்தது. ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் நரம்பு இருக்கிறது, முடி அசைந்தால் தகவல் போய்விடும். அடர்ந்த ரோமம் என்றால் பூச்சி ஒளிந்துகொள்ளும். சுத்தமாக முடியே இல்லையென்றால் அலாரம் இல்லை. புரொபேஷன் காலத்தில் ஊர் ஊராக லாட்ஜில் ரத்ததானம் செய்தவன் என்ற முறையில் இந்த ஆராய்ச்சிக்கு என் முழு ஆதரவு. :-) போதாததற்கு, தோல் சிராய்த்தால் மேல்தோல் மூடி வளர்வதற்கும் மயிர்க்காலில் இருக்கும் செல்கள் கைகொடுக்கின்றன.

மறுநாள் பொண்ணிடம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதைப் போய் கிளாஸ்ல சொன்னா, கரடி போய் மூட்டைப்பூச்சின்னு கூப்பிடுவாங்கப்பா" என்றாள். நியாயம்தானே! பதிமூன்று வயதுக்குப் பரிணாமம் எல்லாம் ஆறுதலா?

கடைசியில் எடுபட்டது வேறொன்று. கருவில் ஐந்தாம் மாத வாக்கில் எல்லாக் குழந்தைக்கும் உடம்பு முழுக்க மெல்லிய முடி போர்த்தியிருக்கும், பெரும்பாலும் பிறப்பதற்குள் உதிர்ந்துவிடும் என்றேன்.

"எல்லாருக்குமா? பேர் வெச்சாளே, அவளுக்குமா?"

"அவளுக்கும்தான். கிளாஸ் டீச்சருக்கும்."

இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். வாக்ஸிங் உன் இஷ்டம், அம்மாவோடு போய் வா என்றும் சொல்லியிருக்கிறேன். யோசிக்கிறாளாம்.

பி.கு: மோவாயிலோ மார்பிலோ திடீரென்று தடித்த முடி முளைத்து, மாதவிலக்கும் தாறுமாறானால் அது வேறு சமாசாரம். கடலைமாவை நம்பாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.