திருமுக்கூடல் வயலும் வேடந்தாங்கல் ஏரியும்

வசந்தம் வந்தால் பறவைகள் கூடு கட்டும்... பள்ளிக்கூடத்தில் படித்தது. ஸ்காட்லாந்துத் தீவுகளுக்கு இது பொருந்தும். ஏப்ரல், மே மாதங்களில் அங்கே பாறை முழுக்கக் கடல்பறவைகள்தான். நம்ம காஞ்சிபுரம் பக்கம் கணக்கே வேறு. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பினால்தான் இங்கே பறவைகளுக்கு வசந்தம்!

திருமுக்கூடலில் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகின்றன. (மூன்று ஆறு கூடியும் வருஷத்தில் பாதி நாள் மணல்தான் தெரியும் என்பது தனிச் சோகம்.) மழைக்குப் பிறகு இந்தப் பக்கத்து வயல்களில் நத்தைகுத்தி நாரையைப் பார்க்கலாம். அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். குஞ்சாக இருக்கும்போது அது கிடையாது, வளர வளரத்தான் வருகிறது.

தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில் வேடந்தாங்கல். நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடா, அரிவாள்மூக்கன், வக்கா, நீர்க்காகம் எல்லாம் கூடு கட்டும். வெள்ளைக்கார சிப்பாய்கள் இந்தப் பறவைகளைச் சுட, ஊர்க்காரர்கள் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். 1798 வாக்கில் பறவைகளைக் காக்கும் உரிமை அவர்களுக்கு எழுத்தில் கிடைத்தது. வெறும் பாசம் என்று நினைக்க வேண்டாம். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். ஸ்காட்லாந்தின் செயின்ட் கில்டா தீவுக்காரர்கள் பறவையைப் பிடித்துத் தின்றே பிழைத்தார்கள். கடைசி 36 பேரும் 1930-ல் தீவைக் காலி செய்தார்கள். வேடந்தாங்கல்காரர்களுக்குப் பறவை உயிரோடு இருந்தால்தான் லாபம்.

ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. ஏரி பறவைக்குப் படுக்கையறை மட்டும்தான். சாப்பாடு எல்லாம் வெளியே, சுற்றியுள்ள வயலிலும் குளத்திலும். 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயமாக அறிவித்தார்கள். அதை 3 கிலோமீட்டராகக் குறைக்கலாம் என்று 2020-ல் யோசனை வந்தபோது எதிர்ப்பு கிளம்பியது. கிளம்பாமல் இருக்குமா? மரத்தை மட்டும் காப்பாற்றிவிட்டு வயலையும் குளத்தையும் விட்டுவிட்டால் குஞ்சுக்கு நத்தை எங்கிருந்து வரும்?

போகிறவர்கள் மார்கழி, தை மாதத்தில் போங்கள். மத்தியான வெயிலில் போய்விட்டு ஒன்றுமே இல்லை என்று திட்டாதீர்கள். நாலு மணிக்கு மேல் கரையில் நின்றால் போதும், வயலுக்குப் போனவை எல்லாம் கூட்டம் கூட்டமாகத் திரும்பும்.